சட்டம் படிக்க வட்டிக்கு வாங்க வேண்டாம்: உதவித்தொகைகளைத் தேடிப் பெறுவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் மாலை. திருமழிசையில் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவர் வாசலில் வந்து நின்றார். சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பின்னால் மகள், கையில் மொபைலோடு.

"தம்பி, நீ கவர்மென்ட் பத்திரிகையிலதானே எழுதுற. லா படிக்க எவ்ளோ ஆகும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன். பாப்பா வக்கீலுக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது."

யாரோ ஒரு புரோக்கர் ஏற்கெனவே அவரிடம் பேசிவிட்டிருந்தார். வெளி மாநிலத்தில் ஒரு கல்லூரியாம். "வகுப்புக்கு அடிக்கடி போக வேண்டாம், முதல் வருஷத்துக்கு ரெண்டு லட்சம் ரெடி பண்ணுங்க, சீட் கன்ஃபார்ம்" என்று சொன்னாராம். அந்த இரண்டு லட்சத்தை மூன்று ரூபாய் வட்டிக்குத் தர ஆள் பார்த்து வைத்திருந்தார் மாமா.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 72,000. அசல் அப்படியே நிற்கும். அவருடைய சம்பளம் மாதம் பதினைந்தாயிரம்.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதல் உதவித்தொகை: சரியான கல்லூரி

எல்லோரும் முதலில் ஸ்காலர்ஷிப்பைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது கல்லூரியை. செலவு எவ்வளவு என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் சட்டப் படிப்பை நடத்துவது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அதன்கீழ் அரசு சட்டக் கல்லூரிகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன: மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி, காரைக்குடி. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பழைய சட்டக் கல்லூரி, 2018இல் இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் போனது. பட்டறைபெரும்புதூர் நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருமழிசையில் பஸ் ஏறித் திருவள்ளூர் போனால், அங்கிருந்து திருத்தணி போகும் சாலையில்தான் அந்தக் கல்லூரி. மாமாவுக்கு இது தெரியாது. "இவ்ளோ பக்கத்துலயா?" என்றார்.

இந்த அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகவும் குறைவு. அதே பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியில் ஹானர்ஸ் படிப்புகளுக்குக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு. இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி. ஒன்றுக்குப் போட்டுவிட்டு இன்னொன்றிலும் பெயர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நடக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. டிகிரி முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. உண்டு.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா? தபால் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிய முடியாது. "வகுப்புக்கு வர வேண்டாம்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வருகைப் பதிவு இல்லாத பட்டம் நாளைக்குப் பிள்ளையின் கழுத்துக்கே சுருக்காக வரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கீழே சொல்லப்போகும் மாநில அரசுச் சலுகைகளில் முக்கியமானவை, தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு உரியவை. புரோக்கரை நம்பி எல்லை தாண்டினால் அவையும் கையை விட்டுப் போகும்.

ஏழரை சதவீதம்: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத முன்னுரிமை இடம் தரும் சட்டம் 2021இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்பும் அதில் அடக்கம். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தகுதி இருந்தால் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இதைப் படித்துக் காட்டியதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "பாப்பா அரசுப் பள்ளிதானே!"

பாப்பாதான் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, நான் ஆறாவதும் ஏழாவதும் மெட்ரிக்ல படிச்சேன். கொரோனா டைம்ல ஃபீஸ் கட்ட முடியாமத்தான் எட்டாவதுல கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாறினேன்."

அந்த இரண்டு வருஷத்தால் ஏழரை சதவீதம் அவளுக்கு இல்லை. கொரோனா காலத்தில் இப்படிப் பள்ளி மாறிய பிள்ளைகள் நிறைய பேர். "அரசுப் பள்ளியில் படிச்சோமே, எல்லாம் ஃப்ரீ" என்று நம்பிக்கொண்டு போய், சான்றிதழ் சரிபார்ப்பில் நின்று ஏமாறாதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்பதை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தகுதி உண்டு என்றால் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அதற்கான சான்று வாங்கி வையுங்கள். ஓரிரு ஆண்டு வேறு மாதிரி இருந்தால் அந்த ஆண்டின் விதிமுறையைப் பல்கலைக்கழகத்தின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதவு மூடியதும் மாமா சோர்ந்துவிட்டார். ஆனால் டைரியில் இன்னும் நிறைய இடம் இருந்தது.

முதல் பட்டதாரி: ஒரு குடும்பத்துக்கு ஒரே முறை

2010-11 கல்வியாண்டில் இருந்து நடைமுறையில் இருக்கும் சலுகை இது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது.

"பெரியவன் ஐ.டி.ஐ. முடிச்சிருக்கானே?" என்று மாமா கேட்டார். ஐ.டி.ஐ. பட்டப்படிப்பு இல்லை. ஆகவே இவள்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்தச் சலுகை. அக்கா பொறியியலில் பயன்படுத்தியிருந்தால் தம்பிக்குச் சட்டத்தில் கிடைக்காது. சான்றிதழை இ-சேவை மூலமாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். வருவாய்த் துறை விசாரித்துத் தருவதால் கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு

இதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு உண்மையில் கைகொடுக்கும் உதவி.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதே 2.5 லட்சம்தான் வரம்பு. இதில் கட்டாயக் கட்டணங்களோடு பராமரிப்புப் படியும் சேர்ந்து வரும். கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை இருக்கிறது.

மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்க நினைப்பவர்கள் ஒரு விதியைக் கவனியுங்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், ஒரு தொழிற்கல்வியை முடித்துவிட்டு இன்னொரு தொழிற்கல்விக்குப் போனால் உதவித்தொகை கிடையாது. பி.எட். முடித்துவிட்டு எல்.எல்.பி. சேர்பவர் இதில் மாட்டிக்கொள்வார். பி.ஏ., பி.எஸ்சி. முடித்து நேராகச் சட்டத்துக்கு வருபவருக்கு இந்தத் தடை இல்லை.

உதவித்தொகைக்கான பதிவு இப்போது 'யுமிஸ்' எனும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளத்தோடு இணைந்திருக்கிறது. பள்ளியில் எமிஸ் எண் இருந்த மாதிரி, கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண் வரும். அட்மிஷன் முடிந்த வாரமே அலுவலகத்தில் "என் யுமிஸ் நம்பர் போட்டாச்சா? இந்த வருஷ ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி என்ன?" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்தான் பணத்தை வாங்குகிறார்.

வீட்டிலிருந்து கல்லூரி தூரம் என்றால், பிற்படுத்தப்பட்டோர் நலம், ஆதிதிராவிடர் நலம் ஆகிய துறைகளின் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். இவற்றுக்குத்தான் 2025இல் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

மாதம் ஆயிரம்: சிறிய தொகை, பெரிய துணை

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது சேர்ப்பு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடுதலாக வரும். வருஷத்துக்கு 12,000 ரூபாய்: புத்தகம், ஜெராக்ஸ், பஸ் செலவுக்குப் போதும்.

இது முதல் பட்டப்படிப்புக்கான உதவி. டிகிரி முடித்து மூன்றாண்டு சட்டம் சேர்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டாம். ஐந்தாண்டுப் படிப்பில் எத்தனை ஆண்டுக்கு வரும் என்பதைக் கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பொறுப்பு அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருப் பெண்ணுக்கு இதுவும் இல்லை. அதே ஆறாவது, ஏழாவது. டைரியில் அந்த வரியை அவளே அடித்துவிட்டாள்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்றால்?

திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3,500. படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும். ஆனால் அங்கேயும் வழி இருக்கிறது.

எஸ்.சி. மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் 'டாப் கிளாஸ்' கல்வித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். பட்டியலிடப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களும் சேர்த்து, கல்விக் கட்டணத்தை அரசு தரும். விண்ணப்பிப்பது தேசிய உதவித்தொகைத் தளத்தில்.

அதே தளத்தில் எல்லா வகுப்பினருக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்த, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஐந்தாண்டுப் படிப்பில் நான்காவது, ஐந்தாவது ஆண்டுகளில் 20,000. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர்களுக்கு இது கிடையாது. எது அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ள மாணவர்களுக்கும் அங்கே தனித் திட்டம் இருக்கிறது.

அரசு சாராத உதவியும் உண்டு. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய 'இதியா' அமைப்பு, வசதியில்லாத மாணவர்களுக்குக் கிளாட் பயிற்சி கொடுத்து, இடம் கிடைத்தபின் படிப்புச் செலவுக்கும் துணை நிற்கிறது.

அப்பா, அம்மாவின் வேலை வழியாகக் கிடைப்பது

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருமழிசை, அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களின் சம்பளத்தில், வருஷத்துக்கு ஒருமுறை 'தொழிலாளர் நல நிதி' என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருப்பார்கள். அந்த நிதியை நிர்வகிக்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகிறது. சட்டப் படிப்பும் அதில் உண்டு.

கட்டட வேலை, ஆட்டோ, தையல், வீட்டு வேலை போன்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியங்கள் இருக்கின்றன. உறுப்பினர் அட்டை உயிரோடு இருந்தால், அதாவது உரிய காலத்தில் புதுப்பித்திருந்தால், பிள்ளையின் தொழிற்கல்விக்கு உதவி கேட்கலாம். அட்டை இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள். காலாவதி ஆகியிருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

மாமா பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வந்து புரட்டினார். டிசம்பர் மாதச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருந்தது. "இத்தினி வருஷமா எதுக்குப் புடிக்கிறாங்கன்னே கேக்கலையே தம்பி" என்றார்.

பணம் ஏன் வராமல் போகிறது?

என் பள்ளித் தோழி ஒருத்தி சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். படிப்பில் கெட்டிக்காரி. முதல் ஆண்டு உதவித்தொகை வந்தது. இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வருமானச் சான்றும் காலாவதி. தேதி தாண்டியபின் தெரிந்தது. கட்டணம் கட்ட வழியில்லாமல் கடை வேலைக்குப் போனவள் திரும்பப் போகவே இல்லை. அவளுக்குத் தகுதி இருந்தது, திட்டமும் இருந்தது. ஒரு தாளும் ஒரு தேதியும்தான் இல்லை.

இது பெரிய மனிதர்களையும் விட்டதில்லை. எந்தப் பெயரில் நம் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறதோ, அந்த அம்பேத்கர் 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில்தான் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடி 1920இல்தான் லண்டன் போனார். கிரேஸ் இன்னில் பாரிஸ்டரானது 1922இல். அவருக்கே மூன்று வருஷம் போனது. நாம் தேதியை விடலாமா?

ஆகவே இந்த நான்கையும் அட்மிஷனுக்கு முன்பே முடித்து வையுங்கள்.

1. இ-சேவை சான்றிதழ்கள். சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி. இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய்; நான்குக்கும் 240. மொபைலிலேயே இ-சேவை தளத்தில் பதிந்தும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். போன வருஷத்து நகலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

2. பெயர். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'கு' என்றும் இன்னொன்றில் 'குமார்' என்றும் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

3. வங்கிக் கணக்கு. மாணவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். உதவித்தொகை நேரடியாக ஆதார் வழியாக வருகிறது. "பேங்குல ஆதார் குடுத்துட்டேன்" என்றால் போதாது. ஆதார் நகல் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு பதிவாவது வேறு. வங்கியில் "ஆதார் சீடிங்" என்று கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஆதாரின் 'மை ஆதார்' தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில், எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். முடியாவிட்டால் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கி இணைத்துக்கொள்ளலாம்.

4. மொபைல் எண். ஓ.டி.பி. வரும் எண் வீட்டில் இருக்க வேண்டும். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன நம்பரை ஆதாரில் வைத்திருந்தால் எந்தத் தளத்திலும் உள்ளே போக முடியாது.

எங்கள் வீட்டில் கணக்குப் போட்டபோது மூன்றாவதில்தான் சிக்கல் வந்தது. அவளுடைய ஆதார், பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கோடு இணைந்திருந்தது. பாஸ்புக் எங்கே என்றே தெரியவில்லை. பூந்தமல்லி போய் அலைந்து மாற்ற இரண்டு வாரம் ஆனது. ரிசல்ட் வந்த மறுநாளே பார்த்ததால் தப்பித்தோம்.

அப்படியும் குறைந்தால்: கல்விக் கடன்

எல்லா உதவியும் போக மீதி இருந்தால், வட்டிக்காரரிடம் போகும் முன் வங்கிக்குப் போங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீனும் வேண்டாம், மூன்றாம் நபர் உத்தரவாதமும் வேண்டாம். அப்பா அல்லது அம்மா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அந்தக் காலத்துக்கான வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் மானியத் திட்டமும் உண்டு. சட்டப் படிப்பாக இருந்தால் கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரமோ பார் கவுன்சில் ஒப்புதலோ இருக்க வேண்டும். புரோக்கர் சொல்லும் கல்லூரியைப் பற்றிய கேள்வி இங்கேயும் வந்து நிற்கும், கவனித்தீர்களா? விண்ணப்பத்தை வித்யா லட்சுமி தளத்தில் போடலாம். வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

படித்து முடித்தபின்

கறுப்பு கோட்டு போட்டதும் வருமானம் வந்துவிடாது என்பது வக்கீல் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அந்த முதல் வருஷங்களையும் கணக்கில் வையுங்கள்.

பார் கவுன்சிலில் பதிவு செய்ய முன்பு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று கூறியது. ஜூனியராகச் சேரும்போது இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஏழைக் குடும்பத்து இளம் சட்டப் பட்டதாரிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தரும் திட்டமும் இருக்கிறது.

காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்

- பிளஸ் டூ தேர்வு முடிந்ததும்: ஆதார் சீடிங், பெயர்த் திருத்தம், சாதி மற்றும் இருப்பிடச் சான்று.
- ரிசல்ட் வரும் வாரம்: வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. சட்டப் பல்கலைக்கழகத் தளத்தில் விண்ணப்பம்.
- கலந்தாய்வின்போது: அசல் சான்றிதழ்கள், மூன்று செட் நகல். மொபைலில் பி.டி.எஃப். நகலும் வைத்திருங்கள்.
- அட்மிஷன் முடிந்த வாரம்: யுமிஸ் எண், உதவித்தொகை விண்ணப்பத் தேதி, விடுதி விண்ணப்பம்.
- ஒவ்வோர் ஆண்டும்: புது வருமானச் சான்று, உதவித்தொகை புதுப்பித்தல். மொபைலில் அலாரம் வையுங்கள்.

எங்காவது சிக்கினால் முதலில் கல்லூரி அலுவலகம். அடுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலர் அல்லது ஆதிதிராவிடர் நல அலுவலர். அங்கும் பதில் இல்லை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண்.

டைரியின் கடைசிப் பக்கம்

அன்று இரவு முடிவில் டைரியில் இருந்தது இவ்வளவுதான். அடிக்கப்பட்டவை: ஏழரை சதவீதம், புதுமைப் பெண். மிஞ்சியவை: அரசு சட்டக் கல்லூரி, முதல் பட்டதாரிச் சலுகை, எம்.பி.சி. உதவித்தொகை, தொழிலாளர் நல வாரியம். எதிரே மாமா போட்டிருந்த "ரெண்டு லட்சம், மூணு வட்டி" என்ற வரியை அவரே பேனாவால் அடித்தார்.

அவளுக்கு அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. போன வாரம் யுமிஸ் எண் வந்ததாகச் சொன்னாள். உதவித்தொகை இன்னும் கணக்குக்கு வரவில்லை. விண்ணப்பம் கல்லூரி நிலையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை போய்க் கேட்கிறாள்.

"அடுத்த வருஷம் வருமானச் சான்று எப்போ எடுக்கணும்?" என்று சும்மா கேட்டேன்.

மொபைலை நீட்டினாள். அலாரம் வைத்திருந்தாள். பக்கத்தில் பெயர் போட்டிருந்தாள்: 'வக்கீல் ஃபீஸ்.'